கண்டக்டருக்குக் கண் தெரியாது

டிசம்பர் 18

புரோக்கர் ஐயம்பெருமாள் வந்தார். செருப்போடு ஹால் வரைக்கும் வந்து நின்று, வீட்டை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "யக்கா, வீடு தங்கமான வீடு. ஆனா பாக்க வாறவனுக்கு வீடு தெரியணும்லா? நீங்க சாமானத்தல்லா காட்டுதீய" என்றார்.

மார்கழியில் ஒருவரும் வீடு பார்க்க வரமாட்டார்கள். தை பிறந்ததும் வருவார்கள். அதற்குள் சோபாவை மாடிப்படிக்குக் கீழே தள்ள வேண்டுமாம். சாப்பாட்டு மேஜையைப் பின்கட்டில் போட வேண்டுமாம். பீரோவை ரூம் மாற்ற வேண்டுமாம். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஆயுசு முழுக்கச் சத்துணவு அமைப்பாளராக இருந்தவளுக்குத் தலையாட்ட யாரும் கற்றுத் தர வேண்டாம். எந்த அதிகாரி வந்தாலும் ஆட்டிவிட்டு, அவர் ஜீப் தெரு முனை திரும்பியதும் நம் இஷ்டப்படி செய்ய வேண்டியதுதான்.

ஆனால் என் வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்தபடியே சொல்லிவிட்டார்: "ஒரு சாமானையும் நவுத்தக் கூடாது வே. கண்டக்டருக்குக் கண்ணு தெரியாது. இடிச்சுக்கிடும்."

ஐயம்பெருமாள் வாசலை எட்டிப் பார்த்தார். "எந்தக் கண்டக்டரு?"

கண்டக்டர் எங்கள் நாய். இவர் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், பாபநாசம் வண்டி. குட்டியாக இருக்கும்போது இவர் நடந்தால் பின்னாலேயே வந்து இரண்டு தடவை குரைக்கும், இரண்டு விசில் கொடுத்த மாதிரி. அதனால் அந்தப் பெயர். இப்போது கிழடாகிவிட்டது. இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்துவிட்டது. இப்போதெல்லாம் அது முன்னால் போகிறது, இவர் பின்னால் போகிறார்.

டிசம்பர் 20

வீட்டை ஏன் விற்கிறோம் என்று பின்னால் யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே, எழுதி வைக்கிறேன். வீடு இவருக்கும் இவர் தம்பி பரமசிவத்துக்கும் பொது. தம்பி மகளுக்கு வைகாசியில் கல்யாணம். பங்கு கேட்கிறான். எத்தனையோ வருஷம் கேட்காமல் இருந்தவன், இப்போதும் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. தப்பாக இருந்திருந்தால் ஒரு மூச்சு சண்டையாவது போட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

விற்றதும் நாங்கள் சென்னைக்குப் போகிறோம், மகள் செல்வி வீட்டுக்கு. ஏழாவது மாடி. அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "அப்பா வந்தா யாழினிய ஸ்கூல் பஸ்ல ஏத்திவிட ஆளாச்சு. ரோட்டக் கிராஸ் பண்ணி அந்தப் பக்கம் நிக்கணும்மா, வேலைக்காரங்கள நம்பி அனுப்ப முடியல" என்றாள். இவர் போனைப் பிடுங்கி, "நான் பாக்காத ரோடா? நான் பாக்காத பஸ்ஸா? பேத்திய எங்கிட்ட விடு" என்றார். போனை வைத்த பிறகும் வெகுநேரம் சிரித்த முகமாகவே இருந்தார்.

கார்த்திகையில் இவரைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்லக் கூடாது, செல்வியிடம் சொல்லவே கூடாது என்று, திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் வைத்தே என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். இந்த நோட்டு 'யாரோ' இல்லைதான். ஆனாலும் எழுதவில்லை. அவர் தலை அல்லவா.

டிசம்பர் 24

செல்வி போனில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாள். செலவில்லாமல் வீட்டை அலங்காரம் செய்து சீக்கிரம் விற்பது எப்படி என்று ஒரு பெண் சொல்கிறாள். பாட்டிலில் மணி பிளான்ட் வை, மூலைக்கு மூலை வாசனை மெழுகுவத்தி வை, லில்லிப் பூ வை, அலமாரியில் பாச்சா உருண்டை போடு. அந்தப் பெண் வீட்டில் நாய் இல்லை போல. மாமியாரும் இல்லை, இருந்திருந்தால் இத்தனை மெழுகுவத்தியை விட்டிருப்பாளா?

எதற்கும் கேட்டு வைப்போம் என்று கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அம்மா சின்னப் பெண், பொறுமைசாலி. மணி பிளான்ட்டைக் கடித்தால் நாய்க்கு வாயெல்லாம் வெந்துபோகுமாம். பாச்சா உருண்டை ஆகவே ஆகாது. ரூம் ஸ்பிரே வேண்டாம், மூக்குதான் அதற்குக் கண் என்றாள். கற்றாழை வேண்டாம். "வீட்டுல அரளி நிக்கா?" என்று கேட்டாள். வாசலிலேயே நிற்கிறது, செவ்வரளி, பூஜைக்குத் தினமும் அதுதான் என்றேன். "மொதல்ல அத வெட்டிருங்கம்மா. இல, பூ, குச்சி எல்லாமே வெசம்" என்றாள்.

பிறகு வேறு என்னதான் வைப்பது என்றேன். மாவிலை, தென்னங்குருத்து, மல்லிகை, செம்பருத்தி, வெட்டிவேர், கோரைப்பாய். எல்லாம் நம் தெருவிலேயே கிடைப்பது. வீடியோக்காரிக்கு ஒன்றும் தெரியவில்லை.

கிளம்பும்போது டாக்டர் அம்மா, "பார்வ இல்லாததுக்கு முக்கியமா ஒண்ணு, எந்தச் சாமானையும் எடம் மாத்தாதீங்க. அதுக்கு வீடு மனப்பாடமா இருக்கும்" என்றாள்.

சரி என்றேன். வரும் வழியில் வெட்டிவேர் வாங்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 27

கல்மாவுக் கோலம் நாய்க்கு ஆகாது என்பதால் பச்சரிசி மாவில் பெரிதாகப் போட்டேன். நான் வாளியை உள்ளே வைத்துவிட்டு வருவதற்குள் கண்டக்டர் பாதிக் கோலத்தை நக்கித் தின்றுவிட்டது.

ஜனவரி 2

வெள்ளையடித்தாயிற்று. ஈரச் சுண்ணாம்பில் கால் வைத்தால் நாய்க்குப் பாதம் பொத்துப்போகும் என்பதால் இரண்டையும் முன்வாசலில் உட்கார வைத்துவிட்டேன், நாயையும் இவரையும். வெள்ளையடிக்க வந்த ஆள் சோபாவை நகர்த்தினான். முடித்ததும் அதே இடத்தில் வைக்கச் சொல்லி, தரையில் இருந்த தடத்தைக் காட்டி, கால் நான்கும் அதிலேயே பொருந்தும்வரை அவனை விடவில்லை. "நாய்க்கு இம்புட்டு மரியாதையா?" என்று கேட்டான். நாய்க்குத்தான் என்றேன்.

என் பழைய பச்சைச் சுங்குடிச் சேலையைக் கிழித்து ஹால் ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டேன். வெள்ளைச் சுவரில் அந்தப் பச்சை எடுப்பாகத்தான் இருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன். "அம்மா, சூப்பர்! எங்க வீட்டுலயும் இதே பச்சை போடணும்" என்றாள் செல்வி. இவரிடம் சொன்னேன். "பச்சையா? உனக்கு எடுத்த மொத பொங்கல் சேல அதுதான" என்றார். அது அந்தச் சேலை இல்லை, அது கிழிந்து எந்தக் காலமோ ஆயிற்று. ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

காப்பி ஆற்றும்போது இன்றைக்கும் மேஜையில் ஊற்றிவிட்டார். டம்ளர் சின்னது என்று டம்ளரைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன்.

ஜனவரி 5

அரளியை வெட்டிவிட்டேன். ஆள் வைக்கவில்லை, நானே அரிவாள் எடுத்து வெட்டினேன். காய்ந்தாலும் விஷம் போகாதாம், அதனால் ஒரு இலை விடாமல் கூட்டி சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டாயிற்று. வாசல் விஸ்தாரமாகிவிட்டது. ஐயம்பெருமாள் பார்த்தால் மெச்சுவார். இவர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். எழுந்ததும் சொல்ல நினைத்தேன், அடுப்பு வேலையில் மறந்துவிட்டது.

ஜனவரி 6

காலையில் இவர் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போனார். தினமும் போவதுதான். நான் சமையலறையில் இருந்தேன். பொத்தென்று ஒரு சத்தம். கண்டக்டர் விடாமல் குரைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், இவர் காம்பவுண்ட் சுவரில் சாய்ந்து நிற்கிறார், நெற்றியில் ரத்தம்.

வாசற்படியிலிருந்து நேரே நடந்தால் சுவர். நடுவில் இடது பக்கம் திரும்பினால்தான் கேட். திரும்ப வேண்டிய இடத்தில்தான் அரளி நின்றது. அதன் கிளை ஒன்று எப்போதும் தோளில் உரசும், எனக்கு எரிச்சலாக வரும். இவருக்கு அது உரசினால்தான் திரும்பத் தெரியும்.

இவர் கையை நீட்டி அரளி இருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "இங்கன நின்னத எங்க ஏட்டி?" என்றார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

நாய்க்கு ஆகாது என்று வெட்டினேன் என்றேன். "ஆமா, நாய்க்கு ஆகாதுதான்" என்றார்.

நெற்றிக்குக் கட்டுப் போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த வீட்டில் அவருக்கு வழி சொல்வது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு அரளிக் கிளை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதையும் நான் வெட்டிவிட்டேன்.

ஜனவரி 8

யோசித்துப் பார்த்துச் சில வேலைகள் செய்தேன். எல்லாம் வீட்டின் அழகுக்குத்தான், செலவும் அதிகமில்லை.

சமையலறை வாசலில் தென்னை நார் மிதியடி, காலில் நன்றாகக் குத்தும். குளியலறை வாசலில் சாக்கு மடித்துப் போட்டேன். ஹாலில் இவர் நாற்காலியிலிருந்து படுக்கையறை வரைக்கும் பத்தமடைப் பாயை நீளவாக்கில் விரித்து ஓரங்களைத் தைத்துவிட்டேன். படுக்கையறை நிலையில் வெட்டிவேர்க் கொத்து, தண்ணீர் தெளித்தால் மணம் ஹால் பாதிவரை வருகிறது. பின்வாசல் கதவில் சலங்கை மணி. நடையில், சுவர் ஓரமாக, தென்னங்குருத்தைப் பின்னிச் சரமாகக் கட்டினேன், தலைக்கு மேலே இல்லை, இடுப்பு உயரத்தில். வாசலில் அரளி இருந்த இடத்தில் ஒரு எண்ணெய் டின்னில் நன்கு வளர்ந்த செம்பருத்தி. கிளையை இழுத்துக் கட்டி, பாதைப் பக்கம் சாய்த்து வைத்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் வேலி மேலாக எட்டிப் பார்த்து, "தோரணத்த யாராவது இடுப்புக்குக் கட்டுவாளா?" என்று கேட்டாள். நாய்க்குத்தான் என்றேன். நாய்க்கு எதற்கு இடுப்பு உயரத்தில் என்று அவள் கேட்கவில்லை.

இவர் சாயங்காலம் நடையில் போய் வந்தார். போனபோது ஒரு கை, வந்தபோது மறு கை, சரத்தின் மேலேயே இருந்தது.

ஜனவரி 13

போகி. திரையின் நுனி தரையில் புரளுகிற மாதிரி தைத்தது என் தவறு. கண்டக்டர் அதற்குள் மாட்டிக்கொண்டு பயத்தில் இழுத்துப் பச்சைத் திரையை நார்நாராக்கிவிட்டது. மஞ்சள் சேலை ஒன்றைக் கிழித்து, தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கிற மாதிரி தைத்துப் போட்டேன். பொங்கல் வேலையில் அதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

ஜனவரி 19

முதல் பார்ட்டி வந்தது. அப்பா, அம்மா, மகன், ஒரு வாஸ்துக்காரர். அக்னி மூலையில் சமையலறை இல்லையாம். போய்விட்டார்கள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் வாஸ்துக்காரருக்கு இரண்டாவது டம்ளர் காப்பி கொடுத்தேன்.

ஐயம்பெருமாள் திருஷ்டிக்கு என்று ஒரு கற்றாழையைக் கொண்டுவந்து நிலையில் தலைகீழாகக் கட்டினார். அவர் போனதும் அவிழ்த்துவிட்டேன்.

ஜனவரி 24

மாடசாமி என்று ஈ.பி.யில் வேலை பார்க்கிறவரும் அவர் மனைவி ஜெயராணியும் வந்தார்கள். அவள் பள்ளிக்கூட டீச்சர். நல்ல மாதிரியான ஆட்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

இவர் எழுந்து தானே வீட்டைக் காட்டுகிறேன் என்றார். கண்டக்டர் முன்னால், இவர் பின்னால், அவர்கள் அதற்கும் பின்னால். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. பாயின் மேலேயே நடந்து, "இது பெட்ரூம், காத்து பிச்சுக்கிட்டு வரும்" என்றார். மிதியடியில் கால் பட்டதும், "இது அடுப்படி. மேடைய எஞ்சம்சாரம் உயரத்துக்குக் கட்டுனது" என்றார். பின்கதவைத் தள்ளி மணிச் சத்தம் கேட்டதும், "கிணறு இங்கன. கோடையிலயும் வத்தாது" என்றார். வண்டியில் உட்கார்ந்து ஊர் பேர் சொல்லிக்கொண்டே போகிற மாதிரி இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கப்பட என்ன இருக்கிறது.

ஹாலுக்குத் திரும்பி வந்ததும் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "இந்தப் பச்சத் திரை எஞ்சம்சாரம் கையால தச்சது. நான் எடுத்துக் கொடுத்த மொத பொங்கல் சேல."

வெயில் பட்டு மஞ்சள் திரை பளபளத்துக்கொண்டிருந்தது.

மாடசாமி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. ஜெயராணி திரையைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த பாயைப் பார்த்தாள், நடையில் இருந்த சரத்தைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"நல்ல பச்சை ஐயா" என்றாள்.

நான் காப்பி போட உள்ளே போய்விட்டேன். வெகுநேரம் போட்டேன்.

ஜனவரி 25

ஐயம்பெருமாள் போன் செய்தார். அவர்களுக்கு வீடு பிடித்துப்போய்விட்டதாம். "யக்கா, எத்தனையோ வீடு காமிச்சிருக்கேன். இப்படி அலங்காரம் பண்ணி வச்ச வீட்ட நான் பாத்ததில்ல. அந்தப் பாயி, அந்த வேரு வாசம், அந்த மணி! அதுலதான் விழுந்துட்டாவ" என்றார்.

பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு யோசனை வந்தது. நாளை இன்னொரு தடவை பார்க்க வருகிறார்கள். அதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால்? பாயைச் சுருட்டிவிட்டால், வேரை அவிழ்த்துவிட்டால், இது வெறும் பழைய வீடு. விலை படியாமல் இன்னும் இரண்டு மாதம் ஓடும். பாயின் ஒரு ஓரத்தைத் தையல் பிரித்தும்விட்டேன்.

அதற்குள் இவர் எழுந்து குளியலறைக்குப் போக அதே பாயில் கால் வைத்து நடந்து வந்தார். நான் குனிந்த இடத்திலேயே இருந்தேன். என்னைத் தாண்டிப் போனார். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

மறுபடி ஊசி எடுத்துத் தைத்துவிட்டேன். எடுத்தால் இவர் விழுவார். எடுக்காவிட்டால் வீடு போகும். இதில் நான் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது வீடியோ போட்டால் தேவலை.

ஜனவரி 28

முடிந்துவிட்டது. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். ஜெயராணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, ஒண்ணு கேப்பேன். இதெல்லாம் இப்படியே விட்டுட்டுப் போறீயளா? பாயி, மிதியடி, மணி எல்லாம்?" என்றாள். எதற்கு என்றேன். "வீடு இதாலதான் வீடா இருக்கு" என்றாள்.

இவர் குறுக்கே வந்து, "தாராளமா எடுத்துக்கிடுங்கம்மா. அங்க போயி நமக்கு எதுக்கு? எல்லாம் நாய்க்குச் செஞ்சதுதான்" என்றார்.

பிப்ரவரி 5

பத்திரப் பதிவு. நல்ல கூட்டம். இவர் முழுக்கைச் சட்டை போட்டு, விபூதி பூசி, கம்பீரமாகத்தான் வந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், புருஷன் பெண்டாட்டி கை கோத்து வந்ததாக நினைத்துக்கொள்ளட்டும்.

கையெழுத்துப் போடும் நேரம் வந்தது. பேனாவை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார். பத்திரம் எழுதுகிறவர், "ஐயா, கண்ணாடி கொண்டு வரலையா?" என்று கேட்டார்.

"மறந்து வச்சிட்டு வந்துட்டேன்" என்றார் இவர்.

இவர் ஜென்மத்தில் கண்ணாடி போட்டதில்லை. டிப்போவிலேயே கண்ணாடி போடாத டிரைவர் நான் ஒருத்தன்தான் என்று கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துப்போயிருக்கிறது. நான் அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன். போட்டார். ஒவ்வொரு பக்கத்துக்கும் வைத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் போட்டார். பழைய கையெழுத்துத்தான், கொஞ்சம்கூட மாறவில்லை, கோட்டை விட்டு மட்டும் ஏறி ஏறிப் போயிருந்தது.

பரமசிவம் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் என்னை மரத்தடிக்குக் கூப்பிட்டான். முகம் வெளிறிவிட்டது. "மதினி, அண்ணனுக்குக் கண்ணு..." என்றான்.

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா? எப்படியாவது கடன உடன வாங்கி..." என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவனைச் சமாதானப்படுத்தி, சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பத்திரத்தில் மை காய்ந்துவிட்டது. இனி யார் அழுது என்ன?

பிப்ரவரி 8

கடைசி நாள். விளக்கேற்றி வைத்து, உப்பும் மஞ்சளும் ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சாமான் எல்லாம் லாரியில் ஏறிவிட்டது. சோபா போன இடத்தில் நான்கு தடம் மட்டும் இருக்கிறது. இவர் அங்கே வந்ததும் வழக்கம்போல ஒதுங்கித்தான் நடந்தார், இல்லாத சோபாவுக்கு வழிவிட்டு.

நார் மிதியடி ஒன்றை மட்டும் ஜெயராணிக்குத் தெரியாமல் பைக்குள் வைத்துக்கொண்டேன். விற்ற பொருளைத் திருடுகிறோமே என்று இருந்தது. இருக்கட்டும்.

பிப்ரவரி 10

சென்னை. செல்வி வீடு பளிங்கு மாதிரி இருக்கிறது. வாசலிலிருந்து பால்கனி வரை ஒரே டைல்ஸ், வழுவழுவென்று. நிலைப்படி கூடக் கிடையாது. "எல்லாம் ஒரே லெவல்மா, தடுக்கி விழவே மாட்டீங்க. கண்டக்டருக்காகத்தான் கார்ப்பெட்டக்கூட எடுத்துட்டேன், நகம் மாட்டும்னு நெட்ல போட்டிருந்தாங்க" என்றாள். பாவம், எவ்வளவு யோசித்திருக்கிறாள்.

பால்கனிக்குப் பெரிய கண்ணாடிக் கதவு. திரை எதுவும் போடவில்லை, கடல் தெரியட்டும் என்று.

கண்டக்டர் வந்ததிலிருந்து சுவர் ஓரமாக மோந்து மோந்து சுற்றிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் தண்ணீர்க் கிண்ணம், பால்கனி, யாழினி படுக்கை எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டது. யாழினிக்கு ஒரே சிரிப்பு.

இவரை உட்கார வைத்த இடத்திலேயே இருக்கிறார். பிரயாண அலுப்பு என்றார்.

பிப்ரவரி 11

இன்றும் அலுப்பு. நார் மிதியடியைக் குளியலறை வாசலில் போட்டேன். வேலைக்காரப் பெண் எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டாள்.

நாளை முதல் யாழினியை பஸ் ஏற்றிவிட வேண்டும். நான் போகிறேனே என்றேன். "நீ சும்மா கெட. புள்ளகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார். செல்வியிடம் சொல்லிவிடவா என்று கேட்டேன். என் கையைத் தேடிப் பிடித்து, தன் தலையில் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 12

காலையில் எனக்கு முன்னாலேயே எழுந்து தலை வாரிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது, போய்ச் சரி செய்தேன். யாழினி பையை மாட்டிக்கொண்டு, "தாத்தா, பஸ் வந்துரும்" என்று குதித்தாள். செல்வி சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

கண்டக்டர் எழுந்து நேராக வாசல் கதவுக்குப் போய் நின்று இரண்டு தடவை குரைத்தது. இந்த வீடு முழுக்க எதிரொலிக்கிற வீடு. சத்தம் எங்கிருந்து வருகிறதென்று எனக்கே தெரியவில்லை. இவர் எழுந்தார். நான் எழுவதற்குள் நடந்துவிட்டார், நிமிர்ந்து, வேகமாக, பேத்தி பார்க்கிறாள் என்று. நேராகப் போய் பால்கனிக் கண்ணாடியில் முட்டினார்.

செல்வி முதலில் சிரித்துவிட்டாள். "என்னப்பா, கண்ணு தெரியாத நாயே வாசலக் கண்டுபிடிச்சிருச்சு, உங்களுக்கு இன்னும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். இவர் கண்ணாடியைக் கையால் தடவி, கைப்பிடி தேடிக்கொண்டிருந்தார்.

செல்வி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "அம்மா, கண்ணு தெரியாதது நாய்க்குன்னுதான சொன்ன?"

"நாய்க்குத்தான்" என்றேன். என் வாய் அதற்கே பழகிவிட்டது.

இவர் கண்ணாடியைத் தடவுவதை நிறுத்திவிட்டுக் கையைத் தொங்கவிட்டார்.

"செல்வி" என்றார். "ஒன் வீட்டுத் திரை என்ன கலரும்மா?"

செல்வி சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தாள். அந்தக் கண்ணாடிக்குத் திரையே கிடையாது.

"பச்சைப்பா" என்றாள்.

கீழே பஸ் ஹாரன் அடித்தது. இவர் முகம் மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது. யாழினியை நான்தான் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.